நாய்க்கு நீதி எங்கே?

ராமர் பட்டம் சூட்டிக்கொண்டு அயோத்தியை ஆண்ட காலம். ஒரு நாள் காலை, ராஜசபை கூடியது.

"வழக்குச் சொல்ல யாராவது வந்திருக்கிறார்களா? வாசலில் பார்த்து வா, தம்பி" என்றார் ராமர்.

லட்சுமணர் போனார், பார்த்தார், திரும்பி வந்தார்.

"யாரும் இல்லை, அண்ணா. நாட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள்" என்றார்.

வேறு ராஜாவாக இருந்தால், "சந்தோஷம்! சபை கலையட்டும்" என்று எழுந்து போயிருப்பார். ராமர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு முறை போய்ப் பார்" என்றார்.

லட்சுமணர் மறுபடியும் போனார். இந்தத் தடவை வாசலில் ஒரு நாய் நின்றது! அதன் மண்டை உடைந்திருந்தது. அழுதுகொண்டு நின்றது.

"உள்ளே வா, பயப்படாதே" என்று லட்சுமணர் அழைத்தார்.

"நான் நாய். ராஜாவின் உத்தரவு இல்லாமல் அரண்மனைக்குள் நுழையலாமா?" என்று நாய் கேட்டது.

ராமர் உத்தரவு கொடுத்தார். நாய் சபைக்குள் வந்தது. "ஒரு சந்நியாசி என்னைத் தடியால் அடித்தார். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. எனக்கு நீதி வேண்டும்" என்றது.

சந்நியாசியை அழைத்து விசாரித்தார்கள். அவர் உண்மையை மறைக்கவில்லை.

"பிச்சைக்கு அலைந்து பசியோடு வந்தேன். நாய் வழியில் கிடந்தது. போ என்றேன். மெதுவாக நகர்ந்தது. கோபத்தில் அடித்துவிட்டேன். குற்றம் என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

என்ன தண்டனை கொடுப்பது என்று சபை யோசித்தது. நாயே ஒரு தண்டனை சொன்னது. "இவரை ஒரு மடத்துக்குத் தலைவர் ஆக்குங்கள்!"

சபை சிரித்தது. இது தண்டனையா, பரிசா?

நாய் விளக்கம் சொன்னது. "போன பிறவியில் நான் அந்த மடத்தின் தலைவராக இருந்தேன். ஒழுங்காகத்தான் நடந்தேன். அப்படியும் நாயாகப் பிறந்தேன். கோபக்காரரான இவர் அந்தப் பதவியில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்!"

வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. தெரு நாய் ஒன்று ராஜாவின் சபையில் ஏறி நீதி கேட்கிறது. ராஜா காது கொடுத்துக் கேட்கிறார்.

இந்தக் கதையில் எல்லோரும் நாயின் புத்திசாலித்தனத்தைத்தான் பேசுவார்கள். ராமர் சொன்ன ஒரு வார்த்தையை மறந்துவிடுவார்கள். "இன்னொரு முறை போய்ப் பார்" என்றாரே, அந்த வார்த்தைதான்!

அந்த இரண்டாவது பார்வை இல்லாவிட்டால், நாய் வாசலிலேயே நின்றிருக்கும்.

நடுரோட்டில் இறங்கிய நாய்

இன்று அந்த நாய் எங்கே நிற்கிறது?

ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் நிற்கிறது. கடற்கரையில் நிற்கிறது. மார்க்கெட்டில் நிற்கிறது. கால்நடை ஆஸ்பத்திரியின் கேட்டில் கயிற்றால் கட்டப்பட்டு நிற்கிறது.

அது தெருவில் பிறந்த நாய் அல்ல, வீட்டு நாய். கழுத்தில் பட்டை இருந்த தடம் இன்னும் தெரிகிறது.

இது எப்படி நடக்கிறது? ஒரு கார் வந்து நிற்கும். கதவு திறக்கும். நாய் வாலை ஆட்டிக்கொண்டு குதித்து இறங்கும். எஜமான் உலாவ அழைத்து வந்திருக்கிறார் என்று அதற்கு நினைப்பு. கதவு மூடும். கார் புறப்படும். நாய் பின்னால் ஓடும், ஓடும், மூச்சு வாங்கும்வரை ஓடும். கார் மறைந்துவிடும்.

நாய் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். அங்கேயே உட்காரும். போன கார் திரும்பி வரும் என்று காத்திருக்கும்.

தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியும். எந்தக் கடையில் எலும்பு போடுவார்கள், எந்த நேரத்தில் ரோட்டைக் கடக்கலாம் என்பதை அது குட்டியிலேயே கற்றுக்கொண்டுவிடும். வீட்டு நாய்க்கு இது ஒன்றும் தெரியாது. வேளைக்கு வேளை தட்டில் சோறு தின்று வளர்ந்த நாய் அது.

புது இடத்தில் அதைப் பார்த்ததும் அந்தத் தெரு நாய்கள் விரட்டும், கடிக்கும். பயந்து ரோட்டில் ஓடினால் லாரி வரும். இதில் தப்பினால் பசி. பசியில் தப்பினால் சொறி, உண்ணி, புண்.

கொல்லவில்லை, உயிரோடுதானே விட்டேன் என்று விட்டவர் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கத்தியும் விஷமும் இல்லாமல் கொல்லும் வழிதான் அது.

அது செய்த குற்றம் என்ன?

வீட்டை விட்டுத் துரத்தும் அளவுக்கு அந்த நாய் என்ன குற்றம் செய்தது?

வயதாகிவிட்டது. கண் தெரியவில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போகிறது. அது ஒரு குற்றம்!

நோய் வந்துவிட்டது. டாக்டர் செலவு அதிகம். அது ஒரு குற்றம்!

வாடகை வீடு மாறுகிறோம். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. வெளியூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இவை எல்லாம் நாயின் குற்றங்கள்!

பெட்டை நாயாகப் பிறந்ததும் ஒரு குற்றம். பெட்டைக் குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே சாக்கில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி விற்றுப் பணம் பண்ணுகிறவர்களில் சிலர், தாய் நாய் ஈன்று ஈன்று ஓய்ந்தபின் அதையும் தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

நாகரிக மோகமும் ஒரு காரணம். 2003 வாக்கில் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு சப்பை மூக்கு நாய் பின்னால் ஓடியது. உடனே ஊரெல்லாம் "பக்" நாய் வாங்க ஆசைப்பட்டது. அந்த ஜாதி நாய்க்கு மூச்சு விடுவதே சிரமம். வெயில் ஆகாது. வைத்தியச் செலவு கூடுதல். இந்த விவரத்தை விளம்பரம் சொல்லவில்லை.

பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கும் "ஹஸ்கி" நாயைச் சென்னை வெயிலில் மூன்றாவது மாடியில் வளர்க்கிறார்கள். ஆசை தீர்ந்ததும் நாய் பாரமாகிவிடுகிறது.

ஒரு நாயின் ஆயுள் ஏறக்குறைய 10 முதல் 15 ஆண்டு. அதற்குள் ஒரு குடும்பத்தில் எத்தனை நடக்கும்! கல்யாணம் நடக்கும், பிள்ளை பிறக்கும், வீடு மாறும், வேலை மாறும், பணக் கஷ்டம் வந்து போகும். இத்தனையும் வரும் என்று தெரிந்துதான் குட்டியைக் கையில் வாங்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே ஓர் அநாதை

தெருவில் விடுவது மட்டும்தான் கைவிடுவது என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள்ளேயே கைவிடப்பட்ட நாய்களும் உண்டு.

மொட்டை மாடியில், மாடிப்படிக்கு அடியில், பூட்டிய காலி மனையில் அது கட்டிக் கிடக்கும். சங்கிலி இரண்டு முழம். காலையில் கட்டினால் மறுநாள் காலையிலும் அதே கட்டு. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கும். குரைத்தால் அடி விழும். அந்த நாய்க்குச் சொந்தக்காரர் உண்டு, ஆனால் கவனிப்பார் இல்லை.

2015ம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் கட்டு இல்லாத நாய் நீந்தியாவது பிழைக்கும். கட்டிப்போட்ட நாய்க்கு அந்த வழியும் கிடையாது.

வீட்டைக் காலி செய்து ஓடும் அவசரத்திலும் ஒரு காரியம் செய்யலாம். சங்கிலியை அவிழ்த்துவிடலாம். ஒரு நிமிடம் போதும்.

கல்லில் பெயர் பெற்ற நாய்

இப்படி நாயைக் கைவிடுவது நம் வழக்கமா? இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டை போட்டு ஒரு வீரன் இறந்தான். அவனுக்காக நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாய்க்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன்! அது கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததாக அந்தக் கல் சொல்கிறது.

எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர்கள் மறைந்துபோயின. ஒரு நாயின் பெயர் கல்லில் நின்றுவிட்டது. உடன் நின்ற நாயை அந்த ஊர் மறக்கவில்லை.

மகாபாரதத்தின் கடைசிக் கட்டத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தர்மர் மலை ஏறிப் போகிறார். மனைவியும் தம்பிமாரும் வழியில் விழுந்துவிடுகிறார்கள். ஒரு நாய் மட்டும் கூடவே வருகிறது.

தேவேந்திரன் ரதத்தோடு வந்து நிற்கிறான். "ஏறுங்கள், சொர்க்கத்துக்குப் போகலாம். நாய் மட்டும் வேண்டாம்" என்கிறான்.

என்னை நம்பி வந்த நாயைக் கைவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தர்மர் மறுத்துவிடுகிறார். அந்த நாய்தான் தர்மதேவதை என்று பிறகு தெரிகிறது.

சொர்க்கத்துக்காகக்கூட நாயை விடாதவரைப் பெரியவர் என்று கொண்டாடினோம். இன்று புது வாடகை வீட்டுக்காக விட்டுவிடுகிறோம்!

ருக்மிணி தேவியின் போராட்டம்

சரி, புராணம் இருக்கட்டும். சட்டம் என்ன சொல்கிறது?

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்குப் புது வாழ்வு கொடுத்தவர். சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவியவர்.

1952ல் அவர் பார்லிமெண்டு மேல்சபைக்கு நியமனம் பெற்றார். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசினார். 1953ல் மிருகவதையைத் தடுக்க ஒரு தனி மசோதா கொண்டுவந்தார்.

அரசாங்கமே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதம மந்திரி நேரு உறுதி சொன்னார். ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

1960ல் சட்டம் பிறந்தது. அதன் பெயர் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் ருக்மிணி தேவிதான்!

அந்தச் சட்டத்தின் 11வது பிரிவை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தக்க காரணம் இல்லாமல், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம்.

வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் தங்க இடமும் கொடுக்காதது குற்றம்.

மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம்.

எப்போதும் கட்டியே வளர்க்கும் நாயை உலாவவிடாமல் அலட்சியம் செய்வதும் குற்றம்!

ஆகவே, நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவது "மனசு கேட்காமல் செய்த காரியம்" அல்ல. சட்டப்படி அது குற்றம்.

அபராதம் எவ்வளவு?

குற்றத்துக்குத் தண்டனை என்ன என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

1960ல் எழுதிய சட்டப்படி, முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை!

3 ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

1960ல் 50 ரூபாய் பெரிய பணம். அது போனால் ஒரு குடும்பம் திண்டாடும். இன்று 10 ரூபாய்க்கு ஒரு டீயும் ஒரு வடையும்கூட வராது!

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். ஒரு பிராணியை விஷம் வைத்தோ அடித்தோ கொன்றால், ஊனப்படுத்தினால், 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு. 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவு இதைச் சொல்கிறது.

அடித்துக் கொன்றால் 5 ஆண்டு. பட்டினியால் சாக விட்டால் 50 ரூபாய். செத்த நாய்க்கு இரண்டும் ஒன்றுதானே?

2014 மே மாதம் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, இந்தத் தண்டனைகள் போதா என்று சுட்டிக்காட்டியது. சட்டத்தைத் திருத்தும்படி பார்லிமெண்டைக் கேட்டுக்கொண்டது. 2022ல் மத்திய அரசு ஒரு திருத்த நகலை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2025 முடியும் வரை அந்த நகல் சட்டம் ஆகவில்லை.

அபராதம் சிறியது என்பது ஒரு குறை. இன்னொரு குறையும் இருக்கிறது. கைவிட்ட குற்றத்துக்குப் போலீசார் தாங்களாகவே புலன் விசாரணை தொடங்க முடியாது. மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்தக் கெடு போய்விட்டால் வழக்கும் போய்விடும்.

கொன்றால் தீருமா?

"தெருவில் நாய்த் தொல்லை தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

அதையும் செய்து பார்த்தாகிவிட்டது!

சென்னையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 1860ல் தொடங்கியது. 100 ஆண்டுக்கு மேல் நடந்தது. மின்சாரம் பாய்ச்சிக்கூடக் கொன்றார்கள். 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை சாகும் நிலைக்கு அது வளர்ந்தது.

நாய்கள் ஒழிந்தனவா? இல்லை! ஒரு தெருவில் நாய்களைப் பிடித்துவிட்டால், அங்கே கிடக்கும் குப்பைக்கும் எச்சில் சோற்றுக்கும் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். வந்தவை குட்டி போடும். ஒரு பெட்டை நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாளில் ஈன்றுவிடும். ஆண்டுக்கு 2 தடவைகூட ஈனும். கொலையால் இந்தக் கணக்கை முந்த முடியவில்லை.

இதற்கு மாற்று வழி சொன்னவர்களும் சென்னைக்காரர்களே. 1959ல் தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த 2 நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் கண்டார். வீட்டுக்கு எடுத்து வந்து காப்பாற்றினார். அதிலிருந்து பிறந்ததுதான் "புளூ கிராஸ்" சங்கம். 1964ல் அது முறையாகப் பதிவு ஆனது.

கொல்ல வேண்டாம், கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று அந்தச் சங்கத்தார் பல ஆண்டுகள் மன்றாடினார்கள். 1996ல் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001ல் அதுவே நாடு முழுவதற்கும் விதி ஆயிற்று. 2023ல் புது விதிகள் வந்தன.

காதின் நுனி வெட்டப்பட்ட தெரு நாயை நீங்கள் பார்த்திருக்கலாம். யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

பாத்திரத்தில் ஓட்டை இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் நிறையுமா? ஒரு பக்கம் மாநகராட்சி கருத்தடை செய்கிறது. மறு பக்கம் நாம் கருத்தடை செய்யாத வீட்டு நாயைத் தெருவில் விடுகிறோம். தெரு நாய்த் தொல்லை என்று மனுவும் எழுதுகிறோம்!

பயமும் நியாயமே

நாய்க்கு நீதி வேண்டும் என்றால், நாய் கடித்த பிள்ளைக்கு நீதி வேண்டாமா? கட்டாயம் வேண்டும்.

வெறிநோய் பொல்லாதது. நோயின் குறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் கடிபட்ட உடனே முறையாக ஊசி போட்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் தடவாதீர்கள். மந்திரிக்க ஓடாதீர்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

2025ல் இந்தப் பிரச்சினை சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. டெல்லித் தெரு நாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க ஆகஸ்டு 11ந் தேதி உத்தரவு பிறந்தது. 11 நாள் கழித்து 3 நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும், வெறிநோய் கண்டதையும் பாய்ந்து கடிப்பதையும் விடக்கூடாது என்று சொன்னார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களை அகற்றும்படி நவம்பர் 7ந் தேதி மற்றோர் உத்தரவு வந்தது.

கோர்ட்டு எதைச் சொன்னாலும் ஒன்று மட்டும் மாறாது. வீட்டில் வளர்ந்து, ஊசி போடாமல், பசியோடு தெருவில் விடப்பட்ட நாய் ஊருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. அதைக் கைவிட்டவர் நாய்க்கு மட்டும் அல்ல, அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்தவர்.

மாடியில் இருந்து விழுந்த நாய்

2016 ஜூலை மாதம். சென்னைப் புறநகரில் ஒரு மாடியில் இருந்து ஒருவர் நாயைத் தூக்கி வீசினார். இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். இருவரும் மருத்துவ மாணவர்கள்! அந்தப் படம் செல்போன்களில் பரவியது. பார்த்தவர்கள் பதறினார்கள்.

நாய் செத்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் சிலர் அதைத் தேடிப் போனார்கள். கால் எலும்பு முறிந்து, உயிரோடு அது கிடந்தது! அதற்கு "பத்ரா" என்று பெயர் வைத்து வைத்தியம் செய்தார்கள். போலீசில் வழக்கும் பதிவானது. தெருவில் கிடந்த நாய்க்குப் பிறகு ஒரு வீடும் கிடைத்தது.

"இன்னொரு முறை போய்ப் பார்" என்று ராமர் சொன்னாரே, அதைத்தான் அவர்கள் செய்தார்கள். போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், வழக்கு இருந்திருக்கும். நாய் இருந்திருக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கைவிடப்பட்ட நாயைக் கண்டால் முதலில் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். பயந்த நாயை உடனே தொடாதீர்கள். கடிக்கக்கூடும்.

காரில் இருந்து இறக்கிவிடுவதைக் கண்ணால் கண்டால், வண்டி எண், தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் படம் எடுங்கள்.

போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். 1960ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11வது பிரிவு என்று அதில் எழுதுங்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 3 மாதக் கெடுவை மறக்காதீர்கள். மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

நாயைக் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அதன் தோலுக்கு அடியில் "மைக்ரோசிப்" இருக்கிறதா என்று கருவியால் பார்ப்பார்கள். அரிசி மணி அளவுள்ள அந்தப் பொருளில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடலாம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2025ல் கட்டாயம் ஆக்கியது. "இது என் நாயே இல்லை" என்று இனிமேல் எளிதில் கைகழுவ முடியாது.

நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கருத்தடை செய்யுங்கள். தினமும் உலாவ அழைத்துப் போங்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ம் ஆண்டு விதி சொல்கிறது. அப்படி விற்றால் வாங்காதீர்கள். பணம் கொடுத்துத்தான் நாய் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. காப்பகங்களில் எத்தனையோ நாய்கள் வீட்டுக்குக் காத்திருக்கின்றன. நம் நாட்டு நாய் நம் வெயிலுக்குப் பழகியது. நம் ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் தலையே வெளியிட்டார்கள்!

உண்மையிலேயே வளர்க்க முடியாத நிலை வந்தால்? வரலாம், யாருக்கும் வரலாம். அப்போது உறவினரைக் கேளுங்கள், நண்பரைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள், காப்பகத்தைக் கேளுங்கள். வேறு ஒருவர் கையில் கொடுங்கள். ரோட்டில் மட்டும் விடாதீர்கள்.

வாசலைப் பாருங்கள்

சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. சோழன் எழுந்து வந்தான். தன் மகன் என்றும் பாராமல் நீதி செய்தான்.

பசுவுக்கு இழுக்க ஒரு மணி இருந்தது. ராமர் காலத்து நாய்க்குப் பேச வாய் இருந்தது. புறவழிச் சாலையில் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு இரண்டும் இல்லை. கோர்ட்டுக்குப் போக அதற்குத் தெரியாது. எஜமானின் பெயரைச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும், அந்த எஜமான் மேல் அது புகார் கொடுக்காது. கார் திரும்பி வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஏறிவிடும்!

ஆகவே அதற்காக மணி அடிக்க வேண்டியவர், அதைக் கண்ணால் கண்டவர்தான்.

இன்று மாலை கடைக்குப் போகும்போது உங்கள் தெருவைப் பாருங்கள். யாரும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

இன்னொரு முறை பாருங்கள்!